பாதிப் பேர் பழசு, பாதிப் பேர் புதுசு: வாவ் ரெய்டை எல்லோருக்கும் பொருந்த நடத்துவது எப்படி

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (சுருக்கமாக வாவ்) என்ற ஆன்லைன் விளையாட்டில் நான் இருக்கும் கில்டு, அதாவது சேர்ந்து ஆடும் குழு, சின்னது. பலர் ஒன்றாகப் போய் பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளை வீழ்த்துவதுதான் ரெய்டு. அதற்கு லீடராக இருந்தவர் வேலை மாற்றம் என்று சொல்லி விலகினார். அடுத்து யார் என்று வாய்ஸில் கேட்டபோது எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டார்கள், நான் மட்டும் அணைக்க மறந்து இருமிவிட்டேன். பதவி அப்படித்தான் வந்தது.

கையில் 17 பேர். 5 பேர் பத்து வருடமாக ஆடுபவர்கள், தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் ஆடுவார்கள். 6 பேர் சொன்னால் சொன்னதைச் செய்வார்கள். மீதி 6 பேர் புதுசு, அதில் ஒருவருக்கு எந்தப் பட்டன் எதற்கு என்பதே அப்போதுதான் பிடிபட்டுக்கொண்டிருந்தது. ஹீரோயிக் என்ற கடினமான நிலையைப் போட்டால் புதியவர்கள் முதல் நிமிடத்திலேயே தரையில் கிடப்பார்கள். அதைவிடச் சுலபமான நார்மல் போட்டால் பழையவர்கள் பக்கத்துத் திரையில் படம் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்துப் புலம்பலும் என் இன்பாக்ஸுக்குத்தான் வரும். பதினொரு வாரத்தில் 4 பேர் கில்டை விட்டே போனார்கள், அதில் இரண்டு பேர் ஹீலர்கள், அதாவது அடிபட்டவர்களைக் குணப்படுத்துபவர்கள். ஹீலர் போனால் என்ன பாடு என்று ரெய்டு நடத்தியவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பதினொரு வாரமும் எனக்குத் தெரியாமல் இருந்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் நாங்கள் 2024 கடைசியில் ஆடிய நெரூபார் பேலஸ் ரெய்டிலிருந்து வரும். பாஸ் பெயர்கள் சீசனுக்குச் சீசன் மாறும், செய்முறை அப்படியேதான்.

1. கடினநிலை நான்கு, உங்களுக்கு ஆகிவருவது இரண்டு

சுலபத்திலிருந்து கடினம் வரை ரெய்டு ஃபைண்டர், நார்மல், ஹீரோயிக், மிதிக் என்று நான்கு. மிதிக்குக்கு ஆள் எண்ணிக்கை சரியாக 20, ஒருவர் கூடவும் கூடாது குறையவும் கூடாது. திறமை கலந்த கூட்டத்துக்கு அது வேண்டாம். ஒரு ஆளுக்காக 19 பேர் காத்திருப்பதும், 21-வது ஆளைத் திண்ணையில் உட்கார வைப்பதும் நட்புக் கில்டை உடைக்கிற வேலை. நார்மலும் ஹீரோயிக்கும் 10 முதல் 30 பேர் வரை எத்தனை பேர் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும், பாஸின் உயிர் அளவும் அதற்கேற்ப ஏறி இறங்கும். உங்கள் ஆட்டம் இந்த இரண்டுக்கு நடுவில்தான்.

ரெய்டு ஃபைண்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புதியவர்களை "முதலில் அதில் போய்ப் பழகிட்டு வாங்க" என்று அனுப்புவது வழக்கம், நானும் அனுப்பினேன். பிரச்சினை என்னவென்றால் அங்கே பாஸின் பல வித்தைகள் பல் பிடுங்கிய பாம்பாகத்தான் இருக்கும், தவறான இடத்தில் நின்றாலும் சாக மாட்டீர்கள். போதாததற்கு ஒவ்வொரு முறை எல்லோரும் செத்து விழும்போதும் டிடர்மினேஷன் என்று ஒரு ஊக்கம் (ஆட்களின் வலுவைக் கூட்டுவது) வேறு ஏறிக்கொண்டே போகும். அதில் பழகி வருபவர் "இந்த வட்டம் ஒண்ணும் பண்ணாது" என்ற நம்பிக்கையோடு வருவார். நார்மலில் அதே வட்டம் ஆளைத் தின்றுவிடும். அறைகள் எப்படி இருக்கும், பாஸ் எந்தப் பக்கம் திரும்புவான் என்று பார்த்துவர மட்டும் அனுப்புங்கள். வித்தைகளைப் படிக்க ஷிஃப்டும் ஜே-யும் சேர்த்து அழுத்தினால் வரும் கைடு போதும். அதிலேயே கடினநிலையை மாற்றிப் பார்க்கலாம், எந்த வித்தை ஹீரோயிக்கில் மட்டும் வரும் என்று குறி போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப நாள் புரியாதது. நான்கும் ஏணிப்படி மாதிரி அடுக்காக இல்லை. ஹீரோயிக்கின் முதல் இரண்டு பாஸ்கள் பெரும்பாலும் நார்மலின் கடைசி பாஸை விடச் சுலபம். "நாங்கள் நார்மல் கில்டு" என்று பெயர் வைத்துக்கொண்டு முடங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாஸையும் தனியாக எடை போடுங்கள்.

2. ஆட்களைப் பற்றி ஒரு தாள் தயார் செய்யுங்கள்

இதைத் தள்ளிப்போட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஆன்லைன் ஷீட் ஒன்று போதும், ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. பெயர், கிளாஸ் (கேரக்டரின் வகை), டேங்கா (பாஸின் அடியைத் தாங்குபவர்) ஹீலரா டேமேஜா (அடிப்பவர்), எந்தக் கிழமை வர முடியும், பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லி விநாடி) எவ்வளவு. இதெல்லாம் எல்லோரும் எழுதுவது. நான் பிற்பாடு சேர்த்த மூன்று பத்திகள்தான் உண்மையில் உதவியவை:

எதில் சாகிறார்?
எந்த வேலை கொடுத்தால் பதற மாட்டார்?
அவருக்கு என்ன வேண்டும்?

மூன்றாவதைப் பொதுச் சானலில் கேட்காதீர்கள். பொதுவில் கேட்டால் எல்லோரும் "ஹீரோயிக் முடிக்கணும்" என்பார்கள், கல்யாண வீட்டில் "சாப்பாடு எப்படி" என்று கேட்பது மாதிரி. தனித்தனியாகக் கேட்டேன். 5 பழம்புலிகளில் உண்மையாகவே ஹீரோயிக் பாஸிடமிருந்து விழும் பொருள் (கவசம், ஆயுதம்) வேண்டும் என்றவர்கள் 2 பேர். ஒருவருக்கு வாராவாரம் பேசிச் சிரித்தால் போதும். ஒருவர் புதிதாக டேங்க் ஆடிப் பழக வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாராம், கேட்பாரில்லை. புதியவர்கள் 6 பேரில் 2 பேருக்குச் சவால் வேண்டும், நார்மலில் அவர்களுக்கு ஏற்கனவே சலித்துவிட்டது. திறமையும் ஆசையும் ஒரே வரிசையில் நிற்காது.

பிங் பத்தியையும் சும்மா விடாதீர்கள். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய சர்வரில் ஆடும் எனக்கு நல்ல நாளிலேயே 150-க்குக் குறையாது. பாஸ் மந்திரம் ஓதும்போது குறுக்கே வெட்டி நிறுத்தும் வேலையை என்னைப் போன்ற ஆளிடம் தனியாகக் கொடுத்தால், நான் பட்டனை அழுத்தும்போது மந்திரம் முடிந்திருக்கும். அது திறமைக் குறைவு இல்லை, தூரம்.

3. செலவு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

புதிதாக வருபவரிடம் "வாங்க, ஜாலியா ஆடலாம்" என்று மட்டும் சொல்லி அழைத்துவிட்டு அப்புறம் பட்டியலை நீட்டாதீர்கள்.

மாதச் சந்தா அமெரிக்கக் கணக்கில் 14.99 டாலர், ஐரோப்பியக் கணக்கில் 12.99 யூரோ, நம் காசில் ஏறத்தாழ 1,300 ரூபாய். சந்தா கட்டினால் பழைய விரிவாக்கங்கள் (விளையாட்டில் பின்னால் சேர்த்த பகுதிகள்) எல்லாம் கூடவே வந்துவிடும், ஆனால் நடப்பு ரெய்டு இருப்பது புதிய விரிவாக்கத்தில், அதைத் தனியாக வாங்க வேண்டும். 2024-ல் வார் வித்தின் என்ற விரிவாக்கம் வந்தபோது அடிப்படைப் பதிப்பு 49.99 டாலர். இலவசக் கணக்கில் 20-வது லெவலோடு நின்றுவிடும், ரெய்டுக்கு உதவாது. இந்திய கார்டு என்றால் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஆள் ஒருவருக்கு ரெய்டு நாளன்று சந்தா முடிந்து, கார்டு மூன்று முறை திருப்பி அனுப்பி, கடைசியில் அண்ணன் கார்டை வாங்கிக் கட்டி உள்ளே வந்தபோது நாங்கள் நான்காவது பாஸில் இருந்தோம்.

அப்புறம் விளையாட்டுக்குள் ஆகும் செலவு. ஃப்ளாஸ்க், போஷன் (இரண்டும் குடிக்கும் மருந்துகள்), சாப்பாடு, ஆயுதத்துக்கு எண்ணெய், செத்துச் செத்து உடையும் கவசத்துக்கு ரிப்பேர். விலை சர்வருக்குச் சர்வர் மாறும், அதனால் தொகை சொல்லவில்லை. ஆனால் ஒன்று: ஒரு இரவில் 25 முறை சாகும் புதியவருக்குத்தான் ரிப்பேர் செலவு அதிகம், அவரிடம்தான் தங்கமும் குறைவு. நாங்கள் கில்டு வங்கியிலிருந்து ரிப்பேருக்கு அனுமதி கொடுத்தோம். சாப்பாட்டுக்குத் தனித்தனியாக வாங்காமல் எல்லோருக்கும் சேர்த்து ஒரே விருந்து வைத்தோம். ஃப்ளாஸ்க் மட்டும் அவரவர் பொறுப்பு. இந்த மூன்று வரியை எழுதி ஒட்டிய பிறகு பணத் தகராறு நின்றது.

வான்டஸ் ரூன் என்று ஒன்று உண்டு, அந்த வாரத்துக்கு ஒரு பாஸுக்கு எதிராக மட்டும் வலு கூட்டும். எல்லோரும் வாங்கத் தேவையில்லை. மயிரிழையில் தவறிக்கொண்டிருக்கும் பாஸ் ஒன்று இருந்தால், அதற்கு மட்டும்.

4. நேரம்

வாரக் கணக்கு அமெரிக்க சர்வரில் செவ்வாய், ஐரோப்பாவில் புதன் அன்று புதிதாகத் தொடங்கும். ஒரு பாஸிடமிருந்து ஒரு கடினநிலையில் வாரத்துக்கு ஒரு முறைதான் பொருள் விழும். ஆனால் நார்மலுக்கும் ஹீரோயிக்குக்கும் கணக்கு தனித்தனி, ஒரே கேரக்டர் ஒரே வாரத்தில் இரண்டுக்கும் போகலாம். கலந்த கூட்டத்தை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

எங்கள் ஏற்பாடு இப்படி: புதன் இரவு நார்மல், எல்லோரும் வரலாம், முழுக்க முடிப்போம். ஞாயிறு இரவு ஹீரோயிக், முடிந்த தூரம் போவோம், வருவது அவரவர் விருப்பம். கிரேட் வால்ட் என்பது வாராந்திரப் பரிசுப் பெட்டி, அதன் ரெய்டு வரிசையில் 2, 4, 6 பாஸ் முடித்தால் ஒவ்வொரு தேர்வு திறக்கும் என்று கணக்கு இருக்கிறது. ஹீரோயிக்கில் இரண்டு பாஸை முடித்தாலே பழையவர்களுக்கு அந்த வாரம் ஒரு ஹீரோயிக் தேர்வு உறுதி. அதைச் சொன்னதும் "எட்டையும் முடிக்கணும்" என்ற பிடிவாதம் பாதியாகக் குறைந்துவிட்டது.

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் பத்து நிமிடம் இடைவேளை. புதியவர்கள் கடைசி அரை மணியில்தான் அதிகம் சாகிறார்கள், அது களைப்பு.

இந்தியாவிலிருந்து ஐரோப்பாவில் ஆடுபவர்களுக்கு: அங்கே இரவு 8 மணி என்றால் கோடையில் நமக்கு 11.30, குளிர்காலத்தில் 12.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். ஒரு மார்ச்சில் நான் 12.30-க்குச் சாவகாசமாகக் காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், ரெய்டு லீடர் இல்லாமல் ஒரு மணி நேரம் 14 பேர் வாசலில் நடனம் ஆடிக்கொண்டிருந்தார்கள். காலண்டரில் இந்திய நேரத்தைப் போடாமல் சர்வர் நேரத்தைப் போடுங்கள்.

5. எத்தனை பேரைக் கூட்டிப்போவது

"ஆள் கூடினால் சுலபம்" என்பது பாதி உண்மை. ஆள் கூடக்கூட பாஸின் உயிரும் கூடும். சராசரிக்குக் குறைவாக அடிக்கும் ஒருவரைச் சேர்த்தால் அவர் கொண்டுவரும் அடியை விட பாஸுக்கு ஏறும் உயிர் அதிகமாக இருக்கலாம், அந்த மிச்சத்தை மற்றவர்கள் அடிக்க வேண்டும். சண்டை தொடங்கிய பிறகு ஒருவர் செத்தால் பாஸின் உயிர் குறையாது. அதாவது முதல் நிமிடத்தில் சாகும் ஆள், வராத ஆளை விடக் கனம். கேட்கக் கொடுமையாக இருக்கும், கணக்கு அதுதான். ரெய்டுக்குள் சும்மா நிற்பவரும் எண்ணிக்கையில் வருவார், குழந்தையைத் தூங்க வைக்கப் போனவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இன்னும் ஒன்று: பல வித்தைகள் எத்தனை பேர் மேல் விழும் என்பதும் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான். ஒரே ஒருவரைச் சேர்த்ததில் இரண்டாக இருந்த விஷ வட்டம் மூன்றாகிவிட்ட இரவுகள் உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. சண்டை நடுவில் செத்தவரை எழுப்பும் வாய்ப்பு மொத்த ரெய்டுக்கும் பொது, தொடக்கத்தில் ஒன்று இருக்கும். அடுத்தது வர ஆகும் நிமிடம், 90-ஐ ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. 10 பேர் என்றால் 9 நிமிடம், 20 பேர் என்றால் நாலரை நிமிடம், 30 பேர் என்றால் 3. சின்னக் கூட்டத்தில் ஒரு சண்டைக்கு ஒருவரைத்தான் எழுப்பலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுப்பக்கூடிய கிளாஸ்கள் ட்ரூயிட், டெத் நைட், வார்லாக், பாலடின். யாரை எழுப்புவது என்பதை நீங்கள் மட்டும் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு பேர் அவரவர் நண்பனை எழுப்பிவிடுவார்கள்.

என் அனுபவத்தில் கலந்த கூட்டத்துக்கு 14 முதல் 18 வரை நல்ல அளவு. டேங்க் 2, ஐந்து பேருக்கு ஒரு ஹீலர் என்று தொடங்கி, புதியவர்கள் அதிகம் என்றால் நார்மலில் ஒரு ஹீலரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அடி குறையும், பரவாயில்லை, நார்மலில் நேரம் போதாமல் தோற்பது அபூர்வம். ஹீரோயிக்கில் அதே பழக்கம் வேண்டாம், சண்டை நீளநீளத் தப்பும் கூடும்.

6. வேலையைப் பிரித்துக்கொடுப்பதுதான் உண்மையான கடினநிலை

மெனுவில் இருப்பது இரண்டு பட்டன். ஆனால் ஒரே ஹீரோயிக் பாஸ் ஒரு ஆளுக்கு நார்மலாகவும் பக்கத்து ஆளுக்கு மிதிக்காகவும் இருக்க முடியும், யாருக்கு எந்த வேலை என்பதைப் பொறுத்து. இது எனக்கு உறைத்தது ப்ளட்பவுண்ட் ஹாரரிடம் 19 முறை அடி வாங்கிய இரவில்.

அந்த பாஸ் முன்னால் விசிறி போல ஒரு அடி அடிப்பான். அதில் மாட்டியவர்கள் 40 விநாடிக்கு வேறு உலகத்துக்குப் போய்விடுவார்கள், அங்கே மட்டும் தெரியும் பூதங்களைக் கொல்ல வேண்டும். அதனால் ரெய்டை இரண்டாகப் பிரித்து, முதல் அடிக்கு ஒரு டேங்கோடு ஒரு பாதி, அடுத்த அடிக்கு இன்னொரு டேங்கோடு மறு பாதி என்று மாறி மாறி நிற்போம். நான் என்ன செய்தேன்? பழையவர்கள் 5 பேரும் ஒன்றாக இருக்க ஆசைப்பட்டார்கள், சரி என்று ஒரே பாதியில் போட்டேன். முதல் பாதி உள்ளே போய் பூதங்களை 20 விநாடியில் முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா நின்றது. இரண்டாம் பாதி போனது, 40 விநாடியில் ஒன்றைக்கூட முடிக்கவில்லை, மிச்சமானது அடுத்த சுற்றின் தலையில் விழுந்தது. வாய்ஸில் "புதுசுங்க எல்லாம் தூங்குறாங்களா?" என்று ஒரு குரல். எனக்கே கோபம் வந்தது, ஆனால் தப்பு என் தாளில்.

இருபதாவது முயற்சிக்கு ஆட்களைக் கலந்தேன். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு மூன்று பழையவர்கள், அதில் ஒருவருக்கு ஒரே வேலை, எந்தப் பூதத்தை முதலில் அடிப்பது என்று தலையில் மண்டையோட்டுக் குறி போடுவது. புதியவர்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்: மண்டையோட்டை அடி, பாஸைச் சுற்றிச் சிவப்பு பொங்கினால் ஓடு. 22-வது முயற்சியில் விழுந்தான். யாருடைய கவசமும் மாறவில்லை, கடினநிலையும் மாறவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பாஸையும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்: இங்கே கஷ்டமான வேலை யார் தலையில் விழுகிறது?

நாம் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கக்கூடிய பாஸ்கள் நமக்கு வரம். உல்கிராக்ஸ் என்று முதல் பாஸ், இரண்டாம் கட்டத்தில் பசியில் கத்துவான், குட்டிகளைக் கொன்று வரும் இறைச்சித் துண்டை எடுத்துக் கொண்டுபோய் அவன் வாயில் போட வேண்டும். அதைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்தேன். முக்கியமான வேலை, ஆனால் பதறாமல் செய்யலாம், நடுவே பாஸ் குறுக்கே பாயும்போது மட்டும் ஒதுங்க வேண்டும். மூன்று வாரத்தில் அவருக்குச் சமையல்காரர் என்று பெயரே வந்துவிட்டது. இப்போது அந்த ஆள் எங்கள் ஹீரோயிக் டீமில் இருக்கிறார்.

சீட்டுக் குலுக்கல் மாதிரி யார் மேல் வேண்டுமானாலும் விழும் பாஸ்கள் அடுத்தது. ப்ரூட்ட்விஸ்டர் ஓவிநாக்ஸிடம் குறி விழுந்தவர்கள் முட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்று உடைக்க வேண்டும், தப்பான கூட்டத்தை உடைத்தால் சிலந்தியும் புழுவும் மொத்தமாகப் பொரிந்து கிளம்பும். இங்கே வேலையை ஆள் பார்த்துக் கொடுக்க முடியாது. தரையில் போடும் வண்ணக் குறிகள் 8 இருக்கின்றன, அவற்றை எல்லா முயற்சியிலும் அதே இடத்தில் வையுங்கள், புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பழையவரைத் துணையாகப் போடுங்கள். குறி விழுந்தால் துணை ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்: "நீ நீலத்துக்குப் போ." மொத்த ரெய்டுக்கும் சேர்த்துக் கத்தினால் யார் காதிலும் ஏறாது. மிட்நைட் விரிவாக்கத்திலிருந்து, சண்டையைப் படித்து நமக்காக முடிவு சொல்லும் ஆட்-ஆன்களை (விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) விளையாட்டைத் தயாரிக்கும் பிளிசார்டு பெருமளவு கட்டுப்படுத்திவிட்டது, அதனால் இந்தத் துணை முறைக்கு இப்போது மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

கடைசி வகை, ஒவ்வொருவரும் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பாஸ். இளவரசி கைவேசா என்ற பாஸ் அப்படி. அவளுடைய நிழல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும், ஒரு தப்பு அடி வைத்தால் முடிந்தது, பக்கத்தில் எவ்வளவு பெரிய ஆள் நின்றாலும் உதவ முடியாது. கலந்த கூட்டத்தோடு ஹீரோயிக்கில் இந்த மாதிரி பாஸிடம் மல்லுக்கட்டாதீர்கள். நாங்கள் 4 வாரம் மல்லுக்கட்டினோம், போன 4 பேரில் 3 பேர் போனது அப்போதுதான். எந்த பாஸோடு நிறுத்திக்கொள்வது என்பதும் லீடர் எடுக்க வேண்டிய முடிவு.

குறுக்கே வெட்டும் வேலைக்கு ஒருவருக்கு இருவராகப் போடுங்கள், முதல் ஆள் தவறினால் இரண்டாவது ஆள். பிங் கூடுதலாக இருப்பவர் எப்போதும் இரண்டாவது. அப்புறம் அடி குறைவான ஆள் என்று யாரையும் கழிக்கும் முன் அவர் கிளாஸ் என்ன கொண்டுவருகிறது என்று பாருங்கள். மங்க் கிளாஸ் ஆடும் ஒருவர் உடன் இருந்தாலே பாஸ் வாங்கும் ஆயுத அடி 5 சதவீதம் கூடும், அந்த மங்க் ஆடுபவர் பாதித் தூக்கத்தில் இருந்தாலும்.

7. பதிவைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள்

சாட்டில் ஸ்லாஷ் போட்டு காம்பட்லாக் என்று அடித்தால் சண்டை பதிவாகத் தொடங்கும். செட்டிங்கில் அட்வான்ஸ்ட் காம்பட் லாக்கிங்கையும் திறந்துவையுங்கள், இல்லையென்றால் பாதித் தகவல் வராது. அந்தக் கோப்பை வார்கிராஃப்ட் லாக்ஸ் என்ற இணையதளத்தில் ஏற்றலாம், இலவசக் கணக்கே போதும். ஏற்றும் வேலையை இரண்டு பேர் செய்யுங்கள், ஒருவர் மறப்பார்.

அங்கே போனதும் எல்லோரும் ஓடுவது வண்ண எண்களுக்கு. சாம்பல், பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று உலகத்தில் அதே கிளாஸ் ஆடுபவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண். கலந்த கூட்டத்தில் இதைப் பொதுவில் ஒட்டினால் அன்றோடு இரண்டு புதியவர்களை மறந்துவிடலாம். நீங்கள் திறக்க வேண்டியது சாவுப் பட்டியல். ஒவ்வொரு முயற்சியிலும் முதலில் செத்தவர் யார், எதனால், எத்தனையாவது விநாடியில், இந்த மூன்றை மட்டும் தாளில் எழுதுங்கள். எல்லோரும் விழ ஆரம்பித்த பிறகு வரும் சாவுகளைப் பார்க்காதீர்கள், அதில் ஒன்றும் இல்லை.

நான் முதன்முதலில் அப்படி எழுதியபோது 14 முயற்சியில் 8 தடவை முதலில் செத்தவர் எங்கள் பழைய மேஜ் (மந்திரவாதி கிளாஸ்). கில்டிலேயே அதிகம் அடிப்பவர், புதியவர்களைப் பற்றி அதிகம் புலம்பியவரும் அவர்தான். மந்திரத்தை முடித்துவிட்டு நகரலாம் என்று அரை விநாடி நிற்பார், அந்த அரை விநாடியில் போய்விடுவார். ஆரஞ்சு எண் வேண்டுமாம். தாளைத் தனியாகக் காட்டினேன், ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டார்.

8. எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது

ஒரே பாஸிடம் ஒரு இரவில் 12 முயற்சி ஆகியும் சிறந்த முயற்சியில் பாஸின் உயிர் 30 சதவீதத்துக்குக் கீழே வரவில்லை என்றால் நாங்கள் விட்டுவிடுகிறோம். இது எங்கள் எண், உங்கள் கூட்டத்தின் பொறுமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஏதாவது ஒரு எண்ணை முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். இரவு ஒரு மணிக்கு எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்காது.

நார்மலில் ஒரு பாஸ் இரண்டு வாரம் தொடர்ந்து மூன்று முயற்சிக்குள் விழுந்தால், அந்த பாஸை ஹீரோயிக்கில் முயலத் தயார் என்று அர்த்தம். உள்ளே நுழையும் முன் எந்தக் கடினநிலையில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிடுங்கள். ஞாயிறு வைத்த செட்டிங் புதனன்றும் அப்படியே கிடக்கும். ஹீரோயிக் என்று தெரியாமல் முதல் பாஸை அடிக்கத் தொடங்கி, "இன்னிக்கு ஏன் இப்படி வலிக்குது?" என்று ஒரு ஹீலர் கேட்ட பிறகுதான் பார்த்தோம். ஆனால் அன்று அவனைக் கொன்றும்விட்டோம், ஹீரோயிக் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பேர் பயத்திலேயே செத்திருப்பார்கள்.

அவசரமும் வேண்டாம். சீசன் போகப் போக கவசம் ஏறும், சில சமயம் விளையாட்டே கை கொடுக்கும். நெரூபார் பேலஸில் ரெய்டுக்கென்று ஒரு பொது ஊக்கம் 3 சதவீதமாகத் தொடங்கி 18 சதவீதம் வரை ஏறியது. முதல் மாதத்தில் சுவராக நின்ற பாஸ் மூன்றாம் மாதத்தில் கதவாகிவிடும். சவால் வேண்டும் என்ற பழையவர்களுக்காக அதை அணைத்துவிடும் வசதியும் இருந்தது. அதை ஓட்டுக்கு விட்டேன். ஊக்கம் இருக்கட்டும் என்றவர்கள் 15, அணைக்கலாம் என்றவர்கள் 2.

9. பொருள் பங்கீடு

சுருக்கமாகவே சொல்கிறேன், இதில் எந்த விதியும் எல்லோரையும் திருப்திப்படுத்தாது. இப்போது விழும் பொருளுக்கு எல்லோரும் பகடை உருட்டுகிறார்கள். நார்மல் இரவில் ஹீரோயிக் கவசம் வைத்திருப்பவர் தனக்குத் தேவையில்லாததற்கு உருட்டக் கூடாது என்று முதல் நாளே எழுதிவிடுங்கள், அதில் கைவைத்தால்தான் புதியவர்கள் நிரந்தரமாகப் பின்தங்குவார்கள். ஹீரோயிக்கில் ஒரு இரவுக்கு ஒருவருக்கு ஒரு பெரிய பொருள், இரண்டாவது வேண்டுமென்றால் வேறு யாரும் கேட்காதபோது. இதை நான் வாயால் சொல்லி விட்டுவிட்டேன், மூன்றாவது வாரத்திலேயே "நீங்க அப்படிச் சொல்லலையே" என்று வந்துவிட்டது. சானலின் உச்சியில் பின் செய்து, தேதி போட்டு வையுங்கள்.